எஸ்தர் மேடம் படித்துக் காட்டிய பக்கம்

எங்கள் வீட்டில் பேய்க்கெல்லாம் இடம் கிடையாது. புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில் ஒரு ஹால், ஒரு சமையல் மூலை, அதில் ஐந்து பேர், ஆறாவதாக ஒன்று வந்தால் அது எங்கே படுக்கும் என்று அப்பா கேட்பார். சுவரில் புத்தர் படம் ஒன்றுதான். கயிறு கட்டுவது கிடையாது, மந்திரிப்பது கிடையாது, அமாவாசைக்குப் பூசணிக்காய் உடைப்பது கிடையாது. பள்ளிக்கூடத்துக்கு மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குள் புகுந்து போனால் பத்து நிமிடம் மிச்சம் என்று தினமும் அதற்குள்தான் நடப்பேன், கூட வந்த பெண்கள் வெளியே சுற்றிக்கொண்டு வருவார்கள், நான் அந்தப் பக்கம் நின்று அவர்களுக்காகக் காத்திருப்பேன். அப்படி வளர்ந்தவள். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், இனிமேல் சொல்வதைக் கேட்டு நீங்கள் சிரிக்கலாம், தப்பில்லை, உங்கள் இடத்தில் நான் இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

நடந்தது ராத்திரியிலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இரண்டரை மணி, தார் ரோடு உருகுகிற வெயில்.

என் பெயர் மாயாதேவி. ஆபீசில் மாயா மேடம். திருவொற்றியூர் தாண்டி எண்ணூர் போகும் வழியில் ஒரு கண்டெய்னர் யார்டு, பெயர் வேண்டாம், அங்கே பதினான்கு வருடம் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தேன். கம்ப்யூட்டர் என்றால் நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. கறுப்பாக, ஆள் இடுப்பு உயரத்துக்கு ஒரு பெட்டி, ஒரு தனி ஏசி அறை, யார்டு முழுவதும் அதற்கு முப்பது திரைகள், திரையில் படம் கிடையாது, மவுஸ் கிடையாது, கறுப்பில் பச்சை எழுத்து மட்டும்தான். கட்டளையைக் கையால் தட்ட வேண்டும். பெரிய வங்கிகள் வைத்திருக்கிற ராட்சச மெஷினும் இல்லை, மேசை மேல் வைக்கிற சின்னதும் இல்லை, நடுத்தரம். இருபத்தைந்து வருடமாக ஒரு நாள் படுத்ததில்லை என்று அதற்கு யார்டில் நல்ல பெயர்.

அந்த மெஷினில் ஒரு கண்டிப்பு உண்டு. ஒவ்வொரு கட்டளைக்கும் யாருக்கு உரிமை என்று தனித்தனியாக இருக்கும். கேட்டைத் திறந்துவிடும் கட்டளை தெரிந்த ஆள் எல்லாம் அதைத் தட்டிவிட முடியாது, தட்டினால் உனக்கு உரிமை இல்லை என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான். மெஷினுக்குள் நுழைய ஒருவர் தட்டுகிற பெயர், அந்த ஐடியே ஒரு பொருள் மாதிரி, அதன் மேலும் இன்னொருவருக்கு உரிமை கொடுக்கலாம். இந்த ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மீதி எதுவும் புரியாவிட்டாலும் பரவாயில்லை.

ஒரு வியாழக்கிழமை வெளிநாட்டு மரம் ஏற்றிய கண்டெய்னர் ஒன்றைப் பூச்சி மருந்து கேஸ் அடித்து மூடி வைத்திருந்தார்கள். கேஸ் வெளியேறி, அதைச் சோதித்து, சான்று வந்த பிறகுதான் திறக்க வேண்டும். அதுவரை மெஷினில் அதன் மேல் ஹோல்ட் என்று ஒரு பூட்டு இருக்கும். ஹோல்ட் எடுத்தால்தான் திறக்கிற சீட்டு அச்சாகும். சான்று வர சாயங்காலம் ஆகும் என்று இருந்தது. ஆனால் மத்தியானம் ஒன்று பத்துக்கு ஹோல்ட் எடுக்கப்பட்டது, சீட்டு அச்சானது, சீட்டைப் பார்த்துவிட்டு இரண்டு லோடுமேன்கள் கதவைத் திறந்து உள்ளே போனார்கள். ஒருவர் தவழ்ந்து வெளியே வந்துவிட்டார். சேகர் வரவில்லை. எண்ணூர் குப்பத்துக்காரர், முப்பத்தொரு வயது. அவரைத் தூக்கிக்கொண்டு ஓடியதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன், ஒரு கால் செருப்பு மட்டும் காலிலேயே இருந்தது.

ஹோல்ட் எடுத்தது யார் என்று மெஷினில் பார்த்தால் பழனி என்று இருந்தது.

பழனி எங்கள் கிளார்க். காசிமேட்டுக்காரர், ஐம்பது தாண்டியவர், இரண்டு விரலால் டைப் அடிப்பார், ஆனால் இருபது வருடத்தில் ஒரு கண்டெய்னர் நம்பரைக்கூடத் தப்பாக அடித்ததில்லை. அவர் எடுக்கவில்லை என்றார். போலீஸ் கூப்பிட்டு விசாரித்தது, தினமும் காலையில் வந்து உட்கார வேண்டும் என்றது. கம்பெனி அவரை அன்றைக்கே சஸ்பெண்ட் செய்தது. வெள்ளிக்கிழமை மேனேஜர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். ஹோல்ட் எடுத்தது பழனியின் ஐடியில் இருந்துதான், அந்த ஐடியை வேறு யாரும் உபயோகிக்க வழியில்லை என்று ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கச் சொன்னார், திங்கட்கிழமை விசாரணை அதிகாரி வருகிறார், ரெடியாக இருக்க வேண்டும் என்றார். பார்த்துவிட்டுத் தருகிறேன் சார் என்றேன். அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டார். குரல் உயரவில்லை. டீ சாப்பிடுகிறீர்களா என்கிற மாதிரிதான் கேட்டார்.

பார்த்தேன். ஹோல்ட் எடுத்த வேலை பழனியின் திரையிலிருந்து வரவில்லை. இந்த மெஷினில் திரை முன்னால் உட்கார்ந்து நேரடியாகவும் செய்யலாம், ஒரு வேலையை எழுதி வரிசையில் போட்டுவிட்டும் போகலாம், அது பின்னால் தானாக ஓடும். வரிசையில் போடும்போது இது இன்னார் பெயரில் ஓடட்டும் என்றும் போட முடியும். அன்றைக்கு ஒன்று பத்துக்கு ஓடியது அப்படிப் போட்ட வேலை. யார் போட்டது என்ற குறிப்பு அழிக்கப்பட்டிருந்தது. அடுத்தவர் பெயரில் போட வேண்டுமானால் அவர் ஐடியின் மேல் உரிமை இருக்க வேண்டும், அந்த உரிமை யாருக்கு இருக்கிறது என்று பார்த்தால் இப்போது யாருக்கும் இல்லை. ஆனால் பழனியின் ஐடியில் கடைசியாகக் கைவைத்த நேரம் வியாழன் சாயங்காலம் ஆறு மணி. சேகரின் உடல் ஆஸ்பத்திரியில் கிடக்கிறது, இங்கே யாரோ உட்கார்ந்து அந்த உரிமையைத் துடைத்திருக்கிறார்கள்.

எனக்குத் தெரிகிறது, ஆனால் வாயால் சொன்னால் எடுபடாது, காகிதம் வேண்டும். நெட்டில் தேடினேன், அந்த மெஷின் செய்தவர்களின் கையேடு கிடைத்தது, ஆனால் புது வெர்ஷனுக்கானது, பக்கத்துக்குப் பக்கம் வேறாக இருந்தது. இது உங்கள் மெஷினுக்கானது இல்லை என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிடுவார்கள். தவிர, எங்கள் யார்டில் யாருக்கு உரிமை கொடுத்தார்கள் என்று அதில் எப்படி இருக்கும்.

சனிக்கிழமை சாயங்காலம் பழனி வீட்டுக்குப் போனேன். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், சவரம் செய்யவில்லை, கைலியில் இருந்தார், ஆபீசில் மடிப்புக் கலையாத சட்டையில் பார்த்துப் பழகிய ஆள்.

"நான் துன்னுகினு கீறேன் மாயாம்மா, கேன்டீன்ல. ஸ்கிரீன மூடிட்டுத்தான் போனேன். கையக் கழுவறதுக்குள்ள கத்தறானுங்க, ஓடியாந்து பாக்கறேன், செத்துக் கெடக்கறான். நானா அவனக் கொன்னேன்?"

இல்லை என்றேன். காகிதம் இல்லாமல் நிரூபிக்க முடியாது என்றும் சொன்னேன். அவர் அந்த மெஷின் வந்த புதிதில் அதைப் பார்த்துக்கொண்ட எஸ்தர் மேடத்தைப் பற்றிச் சொன்னார். நான் சேருவதற்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டவர், நான் பார்த்ததே இல்லை. யாருக்கு எந்த உரிமை கொடுத்தாலும் ஒரு புத்தகத்தில் எழுதி, வாங்குகிறவரிடம் கையெழுத்து வாங்காமல் கொடுக்க மாட்டாராம். முதலாளியே வந்து நின்றாலும் கையெழுத்துத்தானாம்.

"அந்தம்மா எயுதி வெச்சிருக்கும்மா. என் பேரு மேல யாரு கைய வெச்சாலும் எயுதி வெச்சிருக்கும்."

அந்தப் புத்தகத்தை எனக்குத் தெரியும். மெஷின் அறையில் அலமாரி மேல் ஒரு பச்சை பைண்டு புத்தகம், பதினான்கு வருடத்தில் தூசி தட்டக்கூட அதைத் திறந்ததில்லை. வெட்கமாக இருந்தது. என் வேலையே அதுதான்.

மறுநாள் ஞாயிறு. யார்டு வாரத்தில் அந்த ஒரு நாள்தான் அடங்கியிருக்கும். கேட் செக்யூரிட்டியிடம் பேக்கப் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். மெஷின் அறையை உள்பக்கம் தாழ் போட்டுக்கொண்டு புத்தகத்தை எடுத்தேன். கட்டளைகள் ஆங்கில அகரவரிசையில் இருந்தன, ஒவ்வொரு பக்கத்திலும் மேலே டைப் அடித்த விவரம், அந்தக் கட்டளைக்கு எதன் மேல் என்ன உரிமை வேண்டும் என்று, கீழே நீல மையில் பெயர்களும் கையெழுத்துகளும். அவ்வளவு சுத்தமான எழுத்து. வேலையை வரிசையில் போடும் கட்டளை வர வேண்டிய இடத்துக்கு வந்தேன், பக்கம் இல்லை. கிழித்த விளிம்பு மட்டும் பைண்டில் ஒட்டிக்கொண்டிருந்தது, பழைய காகிதத்தில் அந்த விளிம்பு மட்டும் வெள்ளையாக இருந்தது, புதுக் கிழிசல்.

அழுதேன் என்றே சொல்ல வேண்டும். அப்புறம் சும்மா புரட்டிக்கொண்டிருந்தபோது உள் அட்டையில் அதே நீல எழுத்தில் ஒரு போன் நம்பர் பார்த்தேன், சந்தேகம் இருந்தால் கூப்பிடவும் என்று எழுதி, எஸ்தர் என்று போட்டிருந்தது. வீட்டு லேண்ட்லைன், பழைய ஏழு இலக்கம். முன்னால் ஒரு இரண்டைச் சேர்த்தால் இப்போதைய நம்பர் ஆகும் என்று தெரியும். எப்போது எழுதியதோ, ஆள் இருக்கிறாரோ இல்லையோ என்று நினைத்துக்கொண்டேதான் என் செல்லில் இருந்து அடித்தேன். ஏழெட்டு முறை அடித்த பிறகு எடுத்தார்கள்.

"சொல்லு" என்றது ஒரு பெண் குரல்.

எஸ்தர் மேடமா என்று கேட்டேன். எஸ்தர்தான் என்றது. வயதான குரல், கொஞ்சம் மூக்கால் பேசுகிற மாதிரி, ஏற்ற இறக்கம் இல்லாமல். நான் யார், எந்த யார்டு, எதற்குக் கூப்பிடுகிறேன் என்று மூச்சு விடாமல் சொன்னேன். நடுவில் ஒரு உம் கூடக் கொட்டவில்லை. லைன் கட்டாகிவிட்டதா என்று நினைத்து மேடம் மேடம் என்றேன்.

"கிழிச்சிட்டானா" என்றது. யார் என்று கேட்கவில்லை. "நோட்டு இருக்கா. எழுதிக்கோ."

நம்பினால் நம்புங்கள், அந்தப் பக்கம் முழுவதையும் அந்தக் குரல் படித்தது. நினைவிலிருந்து சொல்வதுபோல் இல்லை, முன்னால் புத்தகம் வைத்துப் படிப்பதுபோல். மேலே தலைப்பு, கட்டளையின் பெயரை எழுத்தெழுத்தாக, முதல் பத்தியில் கட்டளையை ஓட்ட என்ன உரிமை, இரண்டாவதில் வேலை வரிசையின் மேல் என்ன உரிமை, மூன்றாவதில் அடுத்தவர் பெயரில் போட வேண்டுமானால் அந்த ஐடியின் மேல் என்ன உரிமை. அதற்குக் கீழே கையெழுத்துகள். மூன்று பெயர்கள். மூன்றாவது பெயர் எங்கள் மேனேஜருடையது, அப்போது ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்திருக்கிறார், பழனியின் ஐடியின் மேல் உரிமை, காரணம் பழனி லீவில் போகும் நாட்களில் வேலை நிற்காமல் இருக்க, திரும்பப் பெற்ற தேதி காலி.

எழுதிக்கொண்டே வந்தேன். அந்த அறையில் சிக்னல் சுமார்தான், ஏசி வேறு இரைகிறது, பல இடத்தில் விட்டு விட்டுக் கேட்டது. இன்னொரு தடவை சொல்லுங்க மேடம், இன்னொரு தடவை சொல்லுங்க மேடம் என்று எத்தனை முறை கேட்டிருப்பேனோ. ஒவ்வொரு முறையும் சலிக்காமல் அதே தொனியில் சொன்னது. ஒன்றை மட்டும் அப்போதே கவனித்தேன். வார்த்தை ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் ஒரு சின்ன இழுப்பு இருந்தது, கிணற்றில் வாளி மேலே வரும்போது கயிறு இழுபடுகிற மாதிரி. வயதானவர், ஆஸ்துமா இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இன்னொன்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது. வீட்டு போன், ஞாயிற்றுக்கிழமை, ஆனால் அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. காற்றாடி இல்லை, காக்கா இல்லை, தெருவில் ஒரு ஹார்ன் இல்லை.

முடித்ததும், நான் எழுதியதைக் காட்டினால் யார் நம்புவார்கள் மேடம், கையெழுத்துப் போட்ட காகிதம்தான் வேண்டும் என்றேன்.

"மூணு காப்பி போட்டோம். ஒண்ணு உன் கையில, ஒண்ணு மேனேஜர் பீரோவுல. ஒண்ணு பழைய டேப் பெட்டியில, அடித்தட்டுல கீது. எடுத்துக்கோ."

நன்றி சொல்லி வைக்கப் போனேன். அப்போது அந்தக் குரல், இன்னும் மெதுவாக, வார்த்தைக்கு வார்த்தை இழுத்து, "உன் பேரு மேல யாருக்கு உரிமை கீதுன்னு பாத்தியா" என்று கேட்டது. நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டார்கள்.

பழைய டேப் பெட்டி என்பது மூலையில் கிடக்கிற இரும்புப் பெட்டி, அந்தக் காலத்து டேப்புகள், படிக்கிற கருவியே இப்போது இல்லாததால் யாரும் தொடுவதில்லை. மூடி துருப்பிடித்துப் பிடித்துக்கொண்டிருந்தது, ஸ்க்ரூடிரைவரால் நெம்பித் திறந்தேன். டேப்புகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தேன், அடித்தட்டில் பிளாஸ்டிக் உறையில் அதே பச்சை பைண்டு. அந்தப் பக்கம் இருந்தது. என் நோட்டை அதன் பக்கத்தில் வைத்து விரல் வைத்து வரி வரியாகப் பார்த்தேன். ஒரு வார்த்தை மாறவில்லை. மூன்றாவது கையெழுத்துக்குப் பக்கத்தில் மை கொட்டிய ஒரு கறை இருந்தது, அதைக்கூட அந்தக் குரல் சொல்லியிருந்தது, அங்கே ஒரு கறை இருக்கும், தேதி தெளிவாகத் தெரியாது என்று.

எனக்கு அப்போதும் பயம் வரவில்லை. சந்தோஷம்தான். எவ்வளவு ஞாபகசக்தி என்று வியந்துகொண்டேன். நன்றி சொல்ல மறுபடி அதே நம்பருக்கு அடித்தேன், அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. படுத்திருப்பார் என்று விட்டுவிட்டேன்.

பயம் வந்தது அதற்கு அப்புறம், என் பெயரைப் பார்த்தபோது. என் ஐடியின் மேல் யாருக்கு உரிமை என்று தட்டினேன். மேனேஜர் பெயர் வந்தது. கொடுத்த நாள், வெள்ளிக்கிழமை. நான் பார்த்துவிட்டுத் தருகிறேன் சார் என்று சொல்லிவிட்டு வந்த ஒரு மணி நேரத்தில். பழனிக்குப் பிறகு அடுத்த பெயர் எது என்று எனக்குப் புரிந்தது. அதை அச்செடுத்தேன், புத்தகத்தைச் சாப்பாட்டுப் பைக்குள் டிபன் பாக்ஸுக்கு அடியில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். செக்யூரிட்டி பையைத் திறந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இன்றைக்குக் கதையே வேறு.

திங்கட்கிழமை விசாரணை அதிகாரி முன்னால் கடிதத்துக்குப் பதில் புத்தகத்தையும் அச்செடுத்த தாளையும் வைத்தேன். அவர் அவசரப்படாத மனிதர், நான் விளக்கியதை இரண்டு முறை கேட்டார், அப்புறம் மேனேஜர் பீரோவில் இருக்கும் காப்பியை எடுத்துவரச் சொன்னார். அது வந்தது. அதிலும் அதே பக்கம் கிழிக்கப்பட்டிருந்தது. மேனேஜர் அப்போதுதான் என்னைப் பார்த்தார், அதுவரை பார்க்கவே இல்லை. சரக்குக்காரன் காலையிலிருந்து போன் மேல் போன் போட்டான், லாரி காத்திருந்தது, கேஸ் போயிருக்கும் என்று நினைத்தேன் என்று பிறகு சொன்னாராம்.

நல்லதாக முடிந்தது என்று நினைக்காதீர்கள். சேகர் திரும்பி வரவில்லை. அவர் மனைவி பல நாள் கேட்டுக்கு எதிரில் வந்து சும்மா நின்றுவிட்டுப் போவார், யாரிடமும் எதுவும் கேட்க மாட்டார். மேனேஜர் ஜாமீனில் வந்து வேறு யார்டில் சேர்ந்துவிட்டார், கோர்ட்டில் வழக்கு நடக்கிறது. பழனியை மறுபடி வேலைக்குக் கூப்பிட்டார்கள், அவர் வரவில்லை, கீபோர்டைத் தொட்டால் கை வேர்க்கிறது என்றார், இப்போது மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிற இடத்தில் நிற்கிறார். எனக்கும் அங்கே காற்று மாறிவிட்டது, யாரும் எதிரில் ஒன்றும் சொல்லவில்லை, கேன்டீனில் என் மேசையில் யாரும் உட்காரவில்லை. கொஞ்ச மாதத்தில் நானே விலகிவிட்டேன்.

எஸ்தர் மேடத்தைப் பார்க்கப் போனது விசாரணை முடிந்து இரண்டு வாரம் கழித்து. பழனியிடம்தான் விலாசம் கேட்டேன், ராயபுரம் கல்மண்டபம் பக்கத்தில் ஒரு சந்து. ஆப்பிள் ஒரு கிலோ, சாத்துக்குடி ஒரு கிலோ வாங்கிக்கொண்டு போனேன். மருமகள் ஷீலா கதவைத் திறந்தார். யார்டில் இருந்து வருகிறேன், மேடம் போனில் ரொம்ப உதவி செய்தார், நன்றி சொல்ல வந்தேன் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"யாரு போன்ல பேசினது?"

எஸ்தர் மேடம் என்றேன்.

"அவங்க பேசி ரெண்டு வருஷம் ஆச்சும்மா."

பக்கவாதம். வலது பக்கம் முழுவதும் போய்விட்டது, குரலும் அதோடு போய்விட்டது, அழுதால்கூடத் தண்ணீர்தான் வரும், சத்தம் வராது என்றார். தானாகப் புரண்டு படுக்கக்கூட முடியாது. போன் ஹாலில் இருந்தது, நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு எதிரில், ஸ்டூல் மேல். அவர் படுத்திருப்பது உள் அறையில். நம்பரைப் படித்துக் காட்டினேன், இந்த வீட்டு நம்பர்தான். என் செல்லை எடுத்து அந்த ஞாயிறு கூப்பிட்டதைக் காட்டினேன், முப்பத்தெட்டு நிமிடம் என்று இருந்தது. ஷீலா அதைக் கையில் வாங்கித் தேதியைப் பார்த்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் தங்கை பிள்ளைக்குச் சர்ச்சில் விசேஷம் என்று எல்லோரும் காலையிலேயே கத்திவாக்கம் போய்விட்டார்களாம். மேடத்தைப் பார்த்துக்கொள்ள வருகிற அம்மா பன்னிரண்டு மணிக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு, வெளியே பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டு ஐந்து மணிக்குத்தான் வந்திருக்கிறார். நடுவில் வீட்டில் மேடத்தைத் தவிர ஆள் இல்லை. போன் ரிசீவர் வைத்தது வைத்தபடி இருந்திருக்கிறது.

அப்புறம் ஷீலா குரலைத் தாழ்த்திக்கொண்டார். அந்தச் சாயங்காலம் வந்து பார்த்தால் மேடத்தின் உதடெல்லாம் வறண்டு வெடித்து, ஓரத்தில் ரத்தம் காய்ந்திருந்ததாம். தொண்டை வீங்கி மூன்று நாள் கஞ்சி இறங்கவில்லை. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, இவர் ஏதாவது கத்தினாரா என்று கேட்டிருக்கிறார். இவர்கள் சிரித்திருக்கிறார்கள், பேச முடியாதவர் எப்படிக் கத்துவார் என்று.

நான் எழுந்து கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் வந்துவிட்டோம், ஒரு வார்த்தை சொல்லாமல் போகக் கூடாது என்று தோன்றியது. ஷீலா என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போனார். ஜன்னல் ஓரமாகக் கட்டில். மெலிந்து, முடி முழுவதும் வெளுத்து, கழுத்து வரை போர்த்திப் படுத்திருந்தார். நல்ல முகம். நான் உள்ளே வந்ததைப் பார்த்தார், யாரோ ஒரு புதுப் பெண் என்று பார்க்கிற பார்வை, சிரிக்கக்கூட முயற்சி செய்தார் என்று நினைக்கிறேன், ஒரு பக்க உதடு அசைந்தது.

கிட்டே போய்க் குனிந்து, மேடம், நான் மாயா, யார்டில் இருந்து வருகிறேன் என்றேன்.

என் குரலைக் கேட்டதும் அந்த முகம் மாறியதை எப்படிச் சொல்வது. கண் அகலமாகத் திறந்தது. மூச்சு வேகமாக வாங்கியது. தலையைச் சுவர்ப் பக்கம் திருப்ப முயன்றார், முடியவில்லை, தலையணையில் தலை உரசிக்கொண்டே இருந்தது. ஷீலா பயந்துபோய் ஆன்ட்டி ஆன்ட்டி என்று கூப்பிட்டார். எனக்கு என்ன செய்வது என்று தெரியாமல், ஒன்றும் இல்லை மேடம், நன்றி சொல்லத்தான் வந்தேன் என்று மறுபடி பேசிவிட்டேன், பேசியிருக்கக் கூடாது.

போர்வைக்குள் இருந்து இடது கை வெளியே வந்தது. அந்த ஒரு கைதான் அவருக்கு மிச்சம். மேலே ஏறி அவர் வாயைப் பொத்தியது. விரல்கள் வெளுக்கிற அளவுக்கு அழுத்திப் பொத்திக்கொண்டு, என்னைப் பார்த்து, வேண்டாம் வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினார். ஷீலா அந்தக் கையை விலக்கப் பார்த்தார், விலக்க முடியவில்லை. நான் அறையை விட்டு வெளியே வந்து, ஹாலைக் கடந்து, தெருவுக்கு இறங்கி, இனி என் குரல் கேட்காது என்று ஆன பிறகும் அவர் கையை எடுக்கவில்லை என்று, வாசல் வரை என் பின்னால் ஓடிவந்து ஷீலா சொன்னார்.